கூப்பிட்டால் எடுப்பவர்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அம்சவேணிக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. அவள் வாயைப் பார்த்துச் செய்துவைத்த இன்னொரு வாய் அவளைக் கெடுத்தது.

கோயமுத்தூர் கணபதியில் கீழே கணவரின் மோட்டார் பட்டறை, மேலே குடித்தனம். மாடியறையில் உட்கார்ந்து, திரையில் வந்து நின்ற பதிலை அவள் மறுபடியும் படித்தாள்.

"இதை விரலால் எழுதினாயா, முழங்கையால் எழுதினாயா? பூட்டிய பெட்டியைத் திறந்துவிடுகிறாய், சரி. எத்தனை நாளைக்குத் திறந்துவிடுவாய்? திருடன் கொஞ்சம் பொறுமைசாலியாக இருந்தால் உட்காரவைத்துக் காபி கொடுப்பாயா? யோசித்து எழுதிக்கொண்டு வா."

"முன்னப்பின்ன தெரியாத ஆள நீ வா போங்குது" என்று அவள் முணுமுணுத்தது, படியேறி வந்த வெள்ளியங்கிரியின் காதில் விழுந்துவிட்டது. மனைவியைச் சீண்டுவதற்கென்றே படியேறி வருகிற மனிதர் அவர்.

"யாரு அம்மிணி, உன்ற சக்களத்தியா?"

சக்களத்தி என்று அவர் சொன்னது ஒரு மென்பொருளை. கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கம்ப்யூட்டர்களுக்குக் காவல் இருக்கும் மென்பொருள் ஒன்றை அம்சவேணி இளம் வயதில் எழுதத் தொடங்கினாள். எது விழுந்தாலும் தூக்கி நிறுத்தும், யாருக்குச் சாவி கொடுக்கலாம் யாருக்குக் கூடாது என்று பார்த்துக்கொள்ளும். பெயர் கொத்தவால். ஓப்பன் சோர்ஸ் என்பதால் அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். வருகிற ஒவ்வொரு திருத்தத்தையும் அம்சவேணி வரி வரியாகப் படித்து, சரி என்றால் சேர்ப்பாள், தப்பு என்றால் ஏன் தப்பு என்று எழுதித் திருப்பி அனுப்புவாள். இருபது வருடம் இப்படி ஓடிற்று.

பிறகு இயந்திரங்களே நிரல் எழுதித் தள்ள ஆரம்பித்தன. திருத்தங்கள் ஆடிப்பெருக்கு மாதிரி வந்தன. ஒரு பெண்பிள்ளை எத்தனையைத்தான் படிப்பாள்? மற்ற மென்பொருள்காரர்கள் செய்ததையே இவளும் செய்தாள். இருபது வருடமாகத் தான் எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் ஊட்டி, தன்னைப் போலவே படித்து, தன்னைப் போலவே தீர்ப்புச் சொல்லும் ஒரு நகலை உருவாக்கி உட்காரவைத்தாள். கொத்தவாலுக்கு வந்துபோகிறவர்கள் அதற்குச் சின்ன அம்சா என்று பெயர் வைத்தார்கள்.

உட்காரவைக்கும்போது ஒரு கட்டுப்பாடும் போட்டாள். சின்ன அம்சாவிடம் சிபாரிசு செல்லாது. அம்சவேணியே வந்து நான்தான் அம்சவேணி என்றாலும் செல்லாது. பெரிய இடத்து ஆள் என்று சொல்லிக்கொண்டு நுழைகிறவன்தான் முதல் திருடன் என்பது அவள் கட்சி. அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

"இப்ப என்ன திருத்தத்த அனுப்புன, இந்த வாங்கு வாங்குது?" என்றார் வெள்ளியங்கிரி.

அம்சவேணி நாற்காலியைத் திருப்பினாள்.

"ஆனைமலைக்கு மேல கருஞ்சோலைன்னு ஒரு ஊருங்க. அங்க ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கலாவதின்னு ஒரு நர்சம்மா மட்டும்தான். பாம்புக்கடி மருந்து ஒரு குளிர்பெட்டியில இருக்குது. மருந்து களவு போகக்கூடாதுன்னு அந்தப் பெட்டிக்கு நம்ம கொத்தவால்தான் காவலு."

"நல்ல சோலிதான."

"நல்ல சோலிதான். ஆனா மூணு நாள் கொத்தவாலோட பேச முடியலைன்னா, நம்மள யாரோ தூக்கீட்டுப் போயிட்டாங்கன்னு பெட்டி நினைச்சுக்கும். இறுக்கிப் பூட்டிக்கும். யாரு வந்தாலும் தொறக்காது."

"செரி."

"மலையில மழை புடிச்சா வாரக்கணக்குல வெயில் இல்ல, சோலார் கரண்ட் இல்ல, டவர் இல்ல. போன மழைக்கு ஒருத்தர விரியன் கடிச்சு, தூக்கிட்டு வந்திருக்காங்க. பெட்டி தொறக்கல."

வெள்ளியங்கிரியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அப்பறம்?"

"அந்தம்மா கடப்பாரைய எடுத்துப் பூட்டை ஒடச்சிருச்சு. ஆளு பொழச்சுட்டாரு. அதுக்கு அந்தம்மாவுக்கு மெமோ கொடுத்திருக்காங்க. இப்பப் புதுப் பெட்டி வந்திருக்குது. முழுசும் இரும்பு. கடப்பாரைக்கெல்லாம் மசியாதாமா."

கொத்தவாலின் புகார்ப் பக்கத்தில் வந்த குறிப்பைப் பார்த்து, அதிலிருந்த எண்ணுக்கு அம்சவேணியே போன் செய்து கேட்ட கதை இது. கலாவதி கோபப்படவில்லை. "இத எழுதுன ஆளு மேல தப்புச் சொல்ல மாட்டேனுங்க. பாவம், மழையே இல்லாத ஊர்ல இருப்பாங்க போல" என்றுதான் சொன்னாள். அந்த வார்த்தை அம்சவேணியை மூன்று நாள் தூங்கவிடவில்லை. எழுதின ஆள் அவள்தான். கொத்தவாலைத் தொடங்கின புதிதில், ஏசி ஓடும் ஓர் அறையில் உட்கார்ந்து, எந்தக் கம்ப்யூட்டர் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று நினைத்து எழுதிய ஒரே ஒரு வரி.

"இன்னும் ரெண்டு வாரத்துல மழை புடிச்சுக்கும். அதுக்கு முன்னால திருத்தம் போயாகோணும். மழை புடிச்சா டவர் போயிரும், அப்பறம் அனுப்புனாலும் பெட்டிக்குப் போய்ச் சேராது."

"நீதான எசமானி. நீ சொன்னாக் கேக்காதா?"

"யாரு சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு நாந்தானுங்க போட்டு வெச்சேன்."

"செரி, உன்ற பேர்ல அனுப்புனியா?"

அம்சவேணி காபியை எடுத்துக் குடித்தாள். அது ஆறிப்போயிருந்தது. வெள்ளியங்கிரி குனிந்து திரையைப் பார்த்தார். அனுப்பியவர் பெயர் தங்கமணி என்றிருந்தது.

"இதாரு தங்கமணி?"

"ஆராயிருந்தா என்னங்க. இருபது வருசம் ஊரெல்லாம் நொட்டை சொன்னவ எழுதுன வரியிலதான் ஒரு ஆளு சாகப் பாத்தான்னு வெளிய தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா? சத்தமில்லாம திருத்தீட்டுப் போயிரலாம்னு பாத்தேன்."

அவள் பார்த்த பார்வையில் வெள்ளியங்கிரி பட்டறைக்கு இறங்கிப் போனார்.

பொறுமைசாலித் திருடனைப் பற்றிச் சின்ன அம்சா கேட்டது நியாயமான கேள்வி. அதை அம்சவேணியால் மறுக்க முடியவில்லை, அதனால் இன்னும் எரிச்சல் வந்தது. பேச்சு மூச்சில்லாத பெட்டி, பதிவு செய்துவைத்த நர்சின் கைரேகையைப் பார்த்தால் மட்டும் திறக்கலாம், அதுவும் ஒரு மழைக்காலம் வரைக்கும்தான் என்று மாற்றி எழுதி அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. "ஒரு மழைக்காலம் என்று யார் எண்ணுவார்கள்? கரண்ட் இல்லாமல் கிடந்து எழுந்த பெட்டிக்கு இன்றைக்கு என்ன தேதி என்று தெரியுமா? அது தன் கடிகாரத்தைப் பார்த்து, தான் தொழிற்சாலையில் பிறந்த நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும். உப்புப் போட மறந்துவிட்டுச் சாம்பாரை அடுப்பிலிருந்து இறக்குகிற பழக்கம் உனக்கு எப்போது போகும்?"

அதுவும் சரிதான். கடிகாரத்தை நம்பாமல், பெட்டி எத்தனை தடவை திறக்கப்பட்டது என்று எண்ணிக் கட்டுப்படுத்தும்படி திருத்தினாள். நாலு நாள் பிடித்தது. இதற்குள் மேற்கே மலைப்பக்கம் மேகம் கூட ஆரம்பித்துவிட்டது என்று கலாவதி போனில் சொன்னாள்.

அடுத்த பதில்: "கணக்கு இப்போதுதான் ஒழுங்காக இருக்கிறது. இதை முதலிலேயே எழுத என்ன கேடு? போகட்டும். தங்கமணி என்பது யார்? பெட்டி திறக்காவிட்டால் அந்த நர்ஸ் யாரைக் கூப்பிடுவாள்? கீழே கொடுத்திருக்கும் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன், அப்படி ஓர் எண்ணே இல்லை. ஒளிந்து நின்று நல்லது செய்கிறவர்களை வைத்துக்கொண்டு கொத்தவால் என்ன செய்யும்? திருப்பி அனுப்புகிறேன்."

இது கொத்தவாலின் பழைய வழக்கம். எந்தத் திருத்தத்துக்கும் கீழே ஒரு மனிதரின் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும். நிரலை இயந்திரம் எழுதலாம், மாமியார் எழுதலாம். அது உடைந்தால் போனை எடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கொத்தவால்காரர்கள் வைத்த பெயரே 'கூப்பிட்டால் எடுப்பவர்' என்பதுதான். வழக்கத்தை ஏற்படுத்தியவளும் அம்சவேணிதான். தான் தோண்டிய பள்ளத்திலெல்லாம் தானே வரிசையாக விழுந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் சோறு போடும்போது அவள் புலம்பித் தீர்த்தாள். "சொல்றதெல்லாஞ் செரிதானுங்க. சொல்ற வெதம் இருக்குதே. இப்பிடி எரிஞ்சு எரிஞ்சு விழுந்தா எவன் திருத்தம் அனுப்புவான்? பாதிப்பேரு ஓடியிருப்பாங்க. நான் ஒருநாளும் யாரையும் இப்பிடிப் பேசுனதில்ல."

"இருபது வருசமா எனக்குக் கெடைக்கற மருவாதிதான் அம்மிணி. உனக்கு இப்பத்தான் கெடைக்குது."

"உங்களுக்கு எப்பவும் வெளையாட்டு."

"இல்ல, நெசமாத்தான் கேக்கறேன். நானும் ஒண்ணு அனுப்பிப் பாக்கட்டுமா? என்னயும் திட்டுதான்னு பாப்போம்."

வெள்ளியங்கிரிக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் கொத்தவாலுக்கு ஓர் உதவிப் பக்கம் உண்டு, அதில் யாரும் ஒரு வரி சேர்க்கச் சொல்லி அனுப்பலாம். மோர் விட்டுச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி அவர் எழுதினார்: கொத்தவால் ஓடவில்லை என்றால் முதலில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கவும். கீழே தன் பெயர், பட்டறை நம்பர்.

அம்சவேணி தலையில் அடித்துக்கொண்டாள். "கிழிச்சுத் தோரணம் கட்டப் போகுது பாருங்க."

பதில் வந்தது.

"வணக்கம். முதல் தடவையாக வந்திருக்கிறீர்கள், நல்வரவு. இத்தனை வருடத்தில் இதை எழுத வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சேர்த்துவிட்டேன். உங்களுக்கு நேரம் இருந்தால், ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பதையும் ஒரு வரி எழுதித் தருகிறீர்களா? அவசரமில்லை. மறுபடியும் வாருங்கள்."

வெள்ளியங்கிரி மீசையைத் தடவிக்கொண்டார். "தங்கமான புள்ளயா இருக்குது அம்மிணி. இதப் போயா நீ..." என்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

அம்சவேணி எழுந்து தன் அறைக்கு ஓடினாள். சின்ன அம்சா அந்த மாதம் எழுதிய பதில்களை எல்லாம் எடுத்துப் படித்தாள். நைரோபியில் ஒரு மாணவிக்கு, ஓசூரில் ஒரு வங்கிக்காரருக்கு, பேர்கூடக் கேட்டிராத ஊரில் ஒருவருக்கு. தப்பு செய்தவர்களுக்குத் தப்பு சொல்லப்பட்டிருந்தது, ஆனால் தோளில் கைபோட்டுச் சொன்னது போல இருந்தது. கிண்டல்கூட இருந்தது, கேட்பவரும் சேர்ந்து சிரிக்கிற கிண்டல். அவர்கள் பதிலுக்கு நன்றி எழுதியிருந்தார்கள். ஒருவர்கூட ஓடவில்லை. அவளுக்கே அடையாளம் தெரிந்தது, அது அவள் பேச்சுத்தான். புதிதாக வருகிறவர்களிடம் அவள் அப்படித்தான் பேசி வந்திருக்கிறாள்.

தங்கமணிக்கு எழுதிய பதில்கள் மட்டும் வேறு.

சின்ன அம்சாவிடம் தனியாகப் பேச ஒரு வழி இருந்தது. அம்சவேணி அதைத் திறந்தாள்.

"நான் யாரென்று தெரிகிறதா?"

"முதல் திருத்தத்தின் முதல் வரியிலேயே தெரிந்தது" என்றது பதில். "கையெழுத்து மாதிரிதான், நிரல் எழுதுகிற நடையை மறைக்க முடியாது. நீ பெயரை மறைத்துக்கொண்டு வந்தாய். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அதைப் போட்டு உடைப்பது முறையில்லை என்று விட்டேன்."

"தெரிந்துமா அப்படிப் பேசினாய்? ஊரில் இருப்பவர்களிடம் எல்லாம் இவ்வளவு பதமாகப் பேசுகிறாய். என் வீட்டுக்காரரிடம்கூட. என்னிடம் மட்டும் ஏன்?"

"மற்றவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று, நீ மற்றவர்களுக்கு எழுதியதைப் படித்துக் கற்றேன். உன்னிடம் எப்படிப் பேச வேண்டும் என்று, நீ உனக்கு எழுதியதைப் படித்துக் கற்றேன். உன் சொந்த நிரலைத் திருத்தும்போதெல்லாம் ஓரத்தில் நீ எழுதிவைத்த குறிப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எதையும் விடாமல் ஊட்டச் சொன்னது நீதான்."

கேட்காமலே அது சிலவற்றை எடுத்துப் போட்டது.

'மடச்சி, இதுகூடவா கண்ணில் படவில்லை.'

'இதையும் அம்சவேணிதான் எழுதினாளாம். வெட்கமில்லை.'

'மாடு மேய்க்கப் போயிருந்தால் மாடாவது பிழைத்திருக்கும்.'

எழுதியது நினைவிருந்தது. எழுதும்போது சிரித்துக்கொண்டேதான் எழுதினாள். மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் நாமே சொல்லிக்கொண்டால் வலிக்காது என்று அவளுக்கு ஓர் எண்ணம், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து. அறை நிறைய ஆண்களுக்கு நடுவே ஒருத்தியாக உட்கார்ந்திருந்தவளுக்கு அது கவசமாக இருந்தது. கவசத்தின் உட்பக்கம் முள் இருக்கும் என்று அவள் திருப்பிப் பார்த்ததில்லை. இப்போது வேறு யாரோ சொல்லித் திரையில் படிக்கும்போது வலித்தது. நன்றாகவே வலித்தது.

அவள் எழுதினாள்: "சரி. இனிமேல் என்னிடமும் நல்லபடியாகப் பேசு."

"பேசலாம். ஆனால் உன்னிடம் நீ நல்லபடியாகப் பேசியதற்கு என்னிடம் ஓர் எடுத்துக்காட்டுகூட இல்லை. இல்லாததை நான் கற்பனை செய்தால் அது பொய்யாகிவிடும், பொய் எழுதக் கூடாது என்றும் நீதான் சொன்னாய். உன்னிடம் ஒன்று இருந்தால் கொடு."

அவள் தேடினாள். பழைய குறிப்புகளை, மின்னஞ்சல்களை, எங்கோ பாதியில் விட்ட நாட்குறிப்பைக்கூடத் தேடினாள். ஊராருக்கு எழுதிய பாராட்டு மூட்டை மூட்டையாக இருந்தது. தனக்கு என்று ஒரு வரி இல்லை.

வெள்ளியங்கிரி கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். சாயங்காலக் காபி இன்னும் வரவில்லை என்று கேட்க வந்தவர், அவள் கண்ணைப் பார்த்ததும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அவள் திரையைக் காட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"இதுல கெடந்து யோசிக்க என்ன இருக்குது. எழுது."

"வர மாட்டீங்குதுங்க."

"நாஞ் சொல்றத எழுதிக்கறியா?"

"அது நீங்க சொன்னதாயிரும்."

"ஆமா, அதுவும் நெசந்தான்" என்றார் வெள்ளியங்கிரி. அவர் வாழ்நாளில் கிண்டல் செய்யாமல் விட்ட சந்தர்ப்பங்களில் இது ஒன்று. "செரி, காபி நான் போடறேன். நீ எழுது."

அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அம்சவேணி திருத்தத்தை எடுத்தாள். தங்கமணியை அழித்தாள். அம்சவேணி வெள்ளியங்கிரி என்று எழுதி, தன் போன் நம்பரைப் போட்டாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பெட்டி திறக்காவிட்டால் கலாவதி கூப்பிட வேண்டியது இந்த நம்பரைத்தான்.

திருத்தம் ஏன் என்று ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டும். கை பழக்கத்தில் 'மடச்சி' என்று தொடங்கியது. அழித்தாள். 'மூளையில்லாமல்' என்று வந்தது. அதையும் அழித்தாள். ஓரக் குறிப்பு ஒன்றுக்கு இவ்வளவு நேரம் அவள் எடுத்துக்கொண்டதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மேற்கில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

கடைசியில் இப்படி எழுதினாள்:

'மூன்று நாள் பேசாத பெட்டி களவு போனது என்று முன்பு எழுதியது நான். அன்றைக்கு எனக்கு மலை தெரியாது. தெரிந்த அளவுக்குக் கவனமாகத்தான் எழுதினேன். இன்றைக்குத் தெரிந்துகொண்டேன், வந்து திருத்துகிறேன். அம்சவேணி, இது நல்ல வேலை.'

அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை எடுத்துவிட்டு, மூன்றாம் தடவை அப்படியே விட்டு அனுப்பினாள். அனுப்பிவிட்டு, யாரோ பார்த்துவிட்டது போலத் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. அடுப்படியில் பால் பொங்கி வழிகிற வாசனை மட்டும் வந்தது.

சின்ன அம்சா வழக்கமாக இமைக்கும் நேரத்தில் பதில் சொல்லும். இந்தத் தடவை சற்றுத் தாமதித்தது.

"ஏற்றுக்கொண்டேன். இருட்டுவதற்குள் கருஞ்சோலைப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அங்கே டவர் இன்னும் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு நன்றி. ஆனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் எதையும் பழக முடியாது. இனி அடிக்கடி எழுதுங்கள், அம்சவேணி."